தனுர்மாதமும் தொண்டை நாட்டுச் சிறு தலங்களும்

கண்ணபிரான் ஸ்ரீகீதையின் பத்தாம் அத்தியாயத்தில் தன் விபூதிகளை அர்ஜுனனுக்கு வகுத்துரைக்கும் இடத்தில், மாதங்களுள் தான் மார்கழியாய் இருப்பதாக அருளிச் செய்தான். மார்கழி பிறந்ததும் இவ்வசனத்தை எடுத்தாளாத உபந்யாசகர் இல்லை. வாரப் பத்திரிகையும் இல்லை. ஆயினும் அவன் அருளிய மார்கழி எது, நம் பஞ்சாங்கத்தில் அச்சிட்டுள்ள மார்கழி எது, இவ்விரண்டும் ஒன்றுதானா என்று வினவுவோர் மிகச் சிலரே. வினவியபின் அம்மாதத்தை எங்கே சென்று அனுபவிப்பது என்று தேடுவோர் அவரினும் சிலர். திருவல்லிக்கேணியிலும் ஸ்ரீரங்கத்திலும் வைகுண்ட ஏகாதசியன்று நின்ற நெரிசலையே மார்கழி என்று எண்ணித் திரும்புவோர் பலர். திருவள்ளூர், திருவாலங்காடு, பொன்னேரி வட்டாரங்களில் குளிர்காலத்து விடியற்காலைகள் வேறு வகையானவை. அவற்றைக் கூறுமுன் மாதத்தின் கணக்கைத் தெளிந்துகொள்வது நலம்.

மாதங்கள் இருவகை. சந்திரனின் பிறைகளைக் கொண்டு எண்ணுவது சாந்திரமானம். சூரியன் ஓர் இராசியில் புகுந்து வெளியேறும் காலத்தைக் கொண்டு எண்ணுவது சௌரமானம். வடமொழி நூல்கள் மார்க்கசீர்ஷம் என்பது, பௌர்ணமி மிருகசீர்ஷ நக்ஷத்திரத்தை ஒட்டி வரும் சாந்திரமான மாதத்தையே. தமிழர் மார்கழி என்பது சூரியன் தனுர் இராசியில் சஞ்சரிக்கும் காலத்தை. ஆகவேதான் அதற்குத் தனுர்மாதம் என்ற பெயரும் வழங்குகிறது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று தழுவி நிற்கும், முற்றிலும் ஒன்றாகா. 2024-ஆம் ஆண்டைச் சான்றாகக் காணலாம். அவ்வாண்டு கீதா ஜயந்தி எனப்படும் மார்க்கசீர்ஷ சுக்ல ஏகாதசி டிசம்பர் 11-ஆம் தேதி வந்தது. தமிழ்க் கணக்கில் அன்று கார்த்திகை மாதம் முடியவில்லை. தனுர்மாதத்துச் சுக்ல ஏகாதசியாகிய வைகுண்ட ஏகாதசியோ 2025 ஜனவரி 10 அன்றுதான் வந்தது. அடுத்தது அதே 2025-இல் டிசம்பர் 30 அன்று வந்துவிட்டது. ஆங்கில நாட்காட்டியின்படி 2024-இல் வைகுண்ட ஏகாதசியே இல்லை, 2025-இல் இரண்டு. சந்திர ஆண்டு 354 நாள் அளவினதாய், சூரிய ஆண்டினும் ஏறத்தாழப் பதினொரு நாள் குறைந்து நிற்பதால் நேர்வது இது. பஞ்சாங்கம் தவறிவிட்டது என்று கோயில் வாசலில் வாதிடுவோர் இதனை அறிதல் வேண்டும். திருவரங்கத்தில் 2021-இல் வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 14 அன்று, கார்த்திகையிலேயே கொண்டாடப்பட்டது. மற்றத் தலங்களில் 2022 ஜனவரி 13. தை மாதத்துப் பிரம்மோற்சவத்தோடு மோதாதிருக்க அத்தலத்தில் பல்லாண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு மாற்றிக்கொள்வது சம்பிரதாயம்.

மார்கழிக்கு நாள் இருபத்தொன்பதா முப்பதா என்பதும் ஒரு கேள்வி. பூமி தன் நீள்வட்டப் பாதையில் சூரியனுக்கு மிக அருகே செல்வது ஜனவரி மாதத் தொடக்கத்தில். அருகே செல்லுங்கால் அதன் வேகம் மிகும். ஆதலால் சூரியன் தனுர் இராசியை விரைந்து கடப்பதாகத் தோன்றும். பன்னிரண்டு சௌர மாதங்களுள் மார்கழியே மிகக் குறுகியது. இருபத்தொன்பது நாளும் சில நாழிகையுமே அதன் அளவு. 2024-இல் பிறந்த மார்கழிக்கு 29 நாள். 2025-இல் பிறந்ததற்கு 30 நாள். திருப்பாவைப் பாசுரமோ முப்பது. நாள் குறைந்த ஆண்டில் ஒரு நாளைக்கு இரண்டு பாசுரம் சேவிக்க நேரும். சூரியன் அருகில் இருக்கும் மாதம் எவ்வாறு குளிர்கிறது என்று பள்ளிச் சிறுவர் கேட்பதுண்டு. குளிருக்குக் காரணம் தூரமன்று. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால் வடபாதியில் சூரிய கிரணங்கள் சரிந்து விழுவதும், பகல் குறுகுவதுமே காரணம்.

தேவர்களின் விடியற்காலை

உத்தராயணம் தேவர்களுக்குப் பகல், தக்ஷிணாயனம் இரவு என்பது சாஸ்திர மரியாதை. நமது ஓராண்டு அவர்களுக்கு ஒரு நாள். ஒரு மாதம் இரண்டு மணி நேரத்திற்கு ஈடாகிறது. ஆடியில் தொடங்கும் இரவின் கடைசி இரண்டு மணி மார்கழி. அதாவது நான்கு மணி முதல் ஆறு மணி வரையிலான பிரம்ம முகூர்த்தம். இம்மாதம் முழுவதும் கோயில்களில் விடியலுக்கு முன் திருப்பள்ளியெழுச்சி நிகழ்வதன் தாத்பர்யம் இதுவே. திருமலையில் ஆண்டு முழுதும் ஒலிக்கும் சுப்ரபாதத்தின் இடத்தில் இம்மாதத்தில் திருப்பாவை சேவிக்கப்படுவதையும் இதனோடு வைத்து எண்ணலாம். விவாகம் முதலிய லௌகிக மங்களங்களை இம்மாதத்தில் விலக்கியதும் மாதம் தீயது என்பதனால் அன்று. வேறு எதற்கும் ஒழிவு தராத மாதம் என்பதனாலேயாம். அதனைப் பீடை மாதம் என்று வழங்குவது, பீடுடைய மாதம் என்ற சொல்லின் சிதைவு என்று பெரியோர் கூறுவர்.

இவ்விடத்தில் ஒரு சங்கடம் உண்டு; அதை மூடிவைப்பது நேர்மையாகாது. வானில் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது இக்காலத்தில் டிசம்பர் 21 அல்லது 22-இல். நாம் உத்தராயண புண்ணிய காலம் என்று கொண்டாடுவதோ தை முதல் நாளில், ஜனவரி 14 அல்லது 15-இல். இடைவெளி இருபத்துநான்கு நாள் அளவு. அயன சலனம் எனப்படும் மெல்லிய நகர்ச்சியினால், ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் இவ்வேறுபாடு வளர்கிறது. இது நவீனர்களின் கண்டுபிடிப்பு, நமக்கு ஒவ்வாதது என்று தள்ளுவதற்கும் இடமில்லை. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிஹிரர் தம் பிருஹத் ஸம்ஹிதையில், முற்காலத்துச் சாஸ்திரங்கள் உத்தராயணம் அவிட்டத்தின் தொடக்கத்தில் பிறப்பதாகக் கூறுகின்றன, தம் காலத்திலோ மகரத்தின் தொடக்கத்தில் பிறக்கிறது என்று வெளிப்படையாக எழுதிவைத்தார். முன்னோர் சொல்லுக்கு மாறாக இருக்கிறதே என்று அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. முன்னோர் பொய்யுரைத்தனர் என்றும் கூறவில்லை. அவிட்டத்திலிருந்து மகரத் தொடக்கத்திற்கு நகர்ந்த அதே எல்லை இன்று தனுசின் ஆறாம் பாகையளவில், மூல நக்ஷத்திரத்தில் நிற்கிறது. மார்கழி ஆறாம் ஏழாம் நாளிலேயே சூரியன் திரும்பிவிடுகிறான்.

அப்படியாயின் மார்கழி இன்னமும் தேவர்களின் விடியற்காலைதானா? வடதேசத்திலும் தென்தேசத்திலும் பண்டிதர்கள் இது குறித்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாதிட்டு வருகின்றனர். சிஷ்டாசாரம் நிரயண கணக்கையே பற்றி நிற்கிறது. ஆலய வழிபாடும் அவ்வாறே நடந்து வருகிறது. இரவின் கடை யாமத்திற்குள்ளேயே கீழ்வானம் வெளுத்துவிட்டது என்று கொண்டால், துயில் எழுப்பும் பாசுரங்களுக்கு அது பொருத்தமாகவே அமைகிறது என்பார் உளர். இச்சமாதானம் நயமானதுதான், கணக்கைத் தீர்த்துவைப்பது அன்று.

டிசம்பர் என்பது நம் கணக்கில் ஒரு மாதமன்று. அதன் முற்பாதி கார்த்திகை, பிற்பாதி மார்கழி. யாத்திரை புறப்படுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். முற்பாதி தீபத்திற்கும் மலைக்கும் உரியது. பிற்பாதி விடியற்காலைக்கு உரியது.

கார்த்திகையில்

கார்த்திகையில் கிருத்திகை நக்ஷத்திரம் திருமங்கையாழ்வாரின் திருநக்ஷத்திரம். மறுநாள் ரோகிணி திருப்பாணாழ்வாருடையது. விஷ்ணு ஆலயங்களில் பாஞ்சராத்திர தீபம் என்று ஏற்றுவதும், பனையோலைகளைக் கட்டி நிறுத்திச் சொக்கப்பனை கொளுத்துவதும், பொரியை வெல்லப்பாகில் பிடித்து அமுது செய்விப்பதும் இக்காலத்தில். அருகில் உள்ள திருக்கடிகை எனும் சோளிங்கரில் யோக நரசிம்மர் பதினொரு மாதம் யோகத்தில் கண்மூடியிருந்து, கார்த்திகையில் கண் திறந்து கடாக்ஷிப்பதாக ஐதிகம். வெள்ளியும் ஞாயிறும் அங்கே கூட்டம் அலைமோதும். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள்; ஏற இயலாதவர்க்கு இப்போது கம்பிவட ஊர்தி உண்டு. செவ்வாய் புதன் போன்ற நாட்களில், விடியலில் படியேறினால் நரசிம்மனையும், எதிரே சின்னமலையில் யோக ஆஞ்சநேயரையும் அமைதியாகச் சேவித்துத் திரும்பலாம்.

இதே மாதத்துச் சுக்லபக்ஷத்தில் கைசிக ஏகாதசி. வராக புராணத்தில் உள்ள கைசிக மாஹாத்மியத்தின் நாயகர் நம்பாடுவான், பஞ்சமர் குலத்துப் பாகவதர். திருக்குறுங்குடி எம்பெருமானைப் பாடித் துயிலெழுப்பச் செல்லும் வழியில் பிரம்மரக்ஷஸிடம் அகப்பட்டு, பாடிவிட்டு மீண்டு வருவேன் என்று பதினெட்டுச் சபதம் செய்து, அவ்வாறே மீண்டும் வந்தவர். பராசர பட்டர் இதற்கு வியாக்கியானம் அருளியுள்ளார். அன்று திருவரங்கத்தில் நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றப்படுகின்றன. குளிர்காலத்தில் எம்பெருமானுக்குப் போர்வை சாற்றுவதும், வெந்நீரில் திருமஞ்சனம் செய்வதும், சுக்கும் மிளகும் சேர்ந்த பிரசாதங்களை அமுது செய்விப்பதும், அர்ச்சாவதாரம் கல்லும் செம்பும் அன்று, நம்மோடு குளிரும் பசியும் பட இசைந்து வந்த திருமேனி என்ற நினைவினாலே.

ஒரே இருப்புப் பாதையில்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதை தென்னகத்தில் முதன்முதல் பயணிகள் வண்டி ஓடிய பாதையின் பகுதி. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடிற்று. இப்பாதையை ஒட்டியே திருநின்றவூர், திருஎவ்வுள் எனும் இரண்டு திவ்யதேசங்களும் அதன்பின் திருவாலங்காடும் அமைந்திருப்பது யாத்திரிகரின் பாக்கியம். மின்சார ரயிலில் ஒரே நாளில் மூன்றையும் சேவிக்கலாம். எனினும் அவ்வாறு ஓடுவது உசிதமன்று.

திருநின்றவூரில் பக்தவத்ஸலப் பெருமாள் நின்ற திருக்கோலம். தாயாரின் திருநாமம் என்னைப் பெற்ற தாயார். திருமங்கையாழ்வார் இத்தலத்தைப் பாடாது கடந்து சென்றதாகவும், தாயாரின் தூண்டுதலால் பெருமாள் பின்சென்று பாடல் பெற்றதாகவும் ஸ்தல ஐதிகம். ஊரின் ஏரிக்கரையில் ஏரிகாத்த இராமர் சன்னதி. அதே ஊரில்தான் பூசலார் நாயனார் பொருளின்றி, மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்துச் சிவனுக்குக் கோயில் எழுப்பினார். பல்லவ மன்னன் காஞ்சியில் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்குக் குறித்த நாளில், இறைவன் பூசலாரின் கோயிலுக்கே சென்றான் என்று பெரியபுராணம் கூறும். வைணவர்க்கும் இது கேட்கத் தக்க சரிதம். வருவாயற்ற கோயில்களில் கைங்கர்யம் செய்வோர்க்கு இதைவிட அணுக்கமான கதை வேறில்லை.

திருஎவ்வுளில், அதாவது திருவள்ளூரில், வீரராகவப் பெருமாள் சயனத் திருக்கோலம். சாலிஹோத்திர மஹரிஷி ஓராண்டு உபவாசம் இருந்து, தை அமாவாசையன்று மாவை அமுதாக்கி அதிதிக்குக் காத்திருந்தார். முதிய அந்தணராக வந்த எம்பெருமான் முழுவதையும் உண்டுவிட்டான். மறு ஆண்டும் அவ்வாறே உண்டு, களைப்பு மேலிட்டது, படுப்பதற்கு எவ்வுள் என்று கேட்டான். ரிஷி தம் குடிலைக் காட்டினார். அவ்வினாவே ஊரின் பெயராயிற்று. இன்றும் அவன் வலத்திருக்கை அம்முனிவரின் தலைமேல் வைத்தபடியே இருக்கிறது. திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். அஹோபில மடத்தின் நிர்வாகத்தில் உள்ளது. தை அமாவாசையில் ஹ்ருத்தாபநாசினிக் கரையில் அடியெடுத்து வைக்க இடமிராது. மார்கழியின் சாதாரண நாளொன்றில் ஐந்து மணிக்குச் செல்பவர்க்குக் குளத்தின்மேல் பனிப்படலமும், பூக்கட்டுவோரின் பேச்சுமே எதிர்ப்படும். நோய் தீர்க்கும் வைத்தியன் என்று அவனை நாடி வருவோர் பலர். நோயற்ற நாளில் வந்து, எதையும் கேளாமல் சேவிப்பவரைக் காண்பதுதான் அரிது.

திருவாலங்காடு சைவப் பெருந்தலம். ஐந்து சபைகளுள் ரத்தின சபை. காரைக்காலம்மையார் தலையால் நடந்து வந்து நாதனின் திருவடிக்கீழ் இருக்கும் பேறு பெற்ற இடம். இக்கட்டுரையில் அதற்கு என்ன இடம் என்று வைணவ வாசகர் வினவலாம். இடம் உண்டு. ஆலங்காடு என்பது வடமொழியில் வடாரண்யம். வடம் என்பது ஆலமரம். இத்தலத்து ஈசர் வடாரண்யேசுவரர். ஆண்டாள் வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிகொண்டவனோ வடபத்ரசாயி, ஆலிலைமேல் துயில்பவன். இருவர் திருநாமத்திலும் முதற்சொல் ஒன்றே. கோதை நாச்சியாரும் திருப்பாவையின் இருபத்தாறாம் பாசுரத்தில், நோன்புக்கு வேண்டிய சங்கையும் பறையையும் விளக்கையும் கேட்டுவரும் இடத்தில், எம்பெருமானை ஆலிலையில் துயின்றவனாகவே விளிக்கிறாள். பிரளய வெள்ளத்தில் ஏழுலகையும் வயிற்றில் வைத்து ஓர் இளந்தளிரில் கிடந்தவனுக்கு, ஒரு சங்கும் சில விளக்கும் தருவது அரிதோ என்பது பூர்வாசாரியர்கள் காட்டும் உட்பொருள்.

மார்கழித் திருவாதிரை இரவில் நடராஜப் பெருமானுக்கு அபிஷேகம் இத்தலத்தில் ஸ்தல விருக்ஷமாகிய ஆலமரத்தை அடுத்த மண்டபத்தில் நிகழ்கிறது. சிதம்பரத்துக் கூட்டம் இங்கில்லை. எனினும் அவ்விரவு மட்டும் ஊர் நிறைந்துவிடும். அமைதியை நாடுவோர் அதற்கு முந்தைய நாட்களில் வருவதே நலம். சுக்ல ஏகாதசியும், பௌர்ணமியை ஒட்டிய ஆதிரையும் மூன்று நான்கு நாள் இடைவெளியில் வருவன. 2025 டிசம்பர் 30 ஏகாதசி. 2026 ஜனவரி 3 ஆதிரை. வைணவர் வீட்டில் வெண்பொங்கல், சைவர் வீட்டில் திருவாதிரைக் களி. இரண்டிலும் பச்சரிசியும் பாசிப்பருப்பும்தான். ஒன்றில் மிளகும் சீரகமும் சேர்கின்றன, மற்றொன்றில் வெல்லமும் தேங்காயும். நெய் இரண்டுக்கும் பொது. தனுர்மாதத்தில் முத்காந்நம் எனும் பாசிப்பருப்பு அன்னத்தையே நிவேதிக்க வேண்டும் என்ற விதி, சமயம் பார்த்து அடுப்பு மூட்டவில்லை.

இவ்வூரின் பெயரை வரலாறு படிப்போர் அனைவரும் அறிவர். 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள், முத்திரையிட்ட வளையத்தில் கோக்கப்பட்டவை. முதலாம் இராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரை இக்கோயிலுக்கு அளித்த சாசனம் இது. முற்பகுதி வடமொழி, அதனை யாத்தவர் சங்கரரின் மகன் நாராயணர். தந்தைக்குச் சிவன் பெயர், மகனுக்குத் திருமாலின் பெயர். அச்சுலோகங்களுள் ஒன்று, அருண்மொழியின் அங்க லக்ஷணங்களைக் கண்டு, மூவுலகும் காக்கும் விஷ்ணுவே மண்ணில் அவதரித்தான் என உணர்ந்து அவனை இளவரசனாக்கினர் என்று கூறுகிறது. சிவாலயத்துக்கு நிலம் தரும் ஏட்டில், சிவபக்தனான மன்னனைப் புகழ எடுத்த உவமை திருமால். அக்காலத்தவர் இதில் முரண் கண்டதாகத் தெரியவில்லை.

குளிர்காலத்தில் இவ்வூர்ச் சாலைகளில் செல்வோர் கரும்பு வண்டிகளுக்கு வழிவிட வேண்டிவரும். திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை திருவாலங்காட்டில் உள்ளது. கரும்பு அரைவைப் பருவமும் குளிர்காலமே. பனியில் நனைந்த கரும்புச் சோகையின் மணம் வழிநெடுக உடன்வரும்.

திருவள்ளூருக்குத் தெற்கே பேரம்பாக்கத்தை அடுத்து நரசிங்கபுரம். மரகதவல்லித் தாயாரோடு கூடிய லக்ஷ்மீநரசிம்மர், மடியிலுள்ள பிராட்டியை அணைத்தபடி பேருருவாய் எழுந்தருளியிருக்கிறார். சுவாதி நாளிலன்றி அங்கே கூட்டம் குறைவு. பக்கத்தில் கூவம் எனும் ஊர். நகரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் ஆறு அவ்வூர்ப் பெயரையே தாங்கி வருகிறது. அதன் தொடக்கம் வயலும் ஏரியும் சூழ்ந்த இடத்தில் என்பதைச் சென்று கண்டவர் நம்புவர்.

கடற்கரைப் பக்கம்

கும்மிடிப்பூண்டி செல்லும் பாதையில் மீஞ்சூர், பொன்னேரி. மீஞ்சூரில் வரதராஜரும் ஏகாம்பரரும் உறைவதால் அதற்கு வடகாஞ்சி என்று பெயர். அருகே தேவதானத்தில் அரங்கநாதர் நெடிய சயனத் திருமேனி. வட ஸ்ரீரங்கம் என்பர். நெல்வயல்களின் நடுவே இத்தகைய பேருருவம் உண்டென்று அறியாமலே பலர் சாலையில் கடந்து போகின்றனர். பொன்னேரியில் ஆரணி ஆற்றங்கரையில் கரிகிருஷ்ணப் பெருமாள் கோயில் கொண்ட ஊர் திருஆயர்பாடி. ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகப் பாவித்து நோன்பு நோற்றாள். இங்கே ஊருக்கே அப்பெயர் வாய்த்திருக்கிறது. மார்கழியில் ஒருநாள் இவ்வூர்ச் சன்னதியில் திருப்பாவை சேவிப்பவர்க்குப் பாவனைக்கு அதிக முயற்சி தேவைப்படாது.

பழவேற்காட்டில் ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புரைக் கல்லால் ஆனது. சிறு சிறு சதுரங்களில் இராமாயணக் காட்சிகள் செதுக்கப்பட்டுள்ளன. உப்புக்காற்று அக்கல்லை அரிப்பதால் சில காட்சிகள் ஊகித்தே அறியத்தக்கன. 1613-இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் எச்சமும், அவர்தம் கல்லறைத் தோட்டமும் இங்கே உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஏரியில் பூநாரைகள் கூட்டங் கூட்டமாக இறங்கும். கரையிலிருந்தே கண்டு திரும்புவது நன்று. 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு இங்கே கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விடுமுறை உற்சாகத்தில் அனுமதியற்ற படகில் ஏறுவோர் அந்நாளை எண்ண வேண்டும்.

திருத்தணிப் படித்திருவிழாவையும் கூறாது விடலாகாது. ஆங்கிலேயர் ஆட்சியில், ஜனவரி முதல் நாளன்று துரைமார்களின் வீட்டுக்கு மாலையும் பழமும் ஏந்திச் செல்லும் வழக்கம் உத்தியோகஸ்தரிடையே இருந்தது. அதைக் கண்ட வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், துரைக்கெல்லாம் துரையானவனிடம் செல்லுங்கள் என்று, டிசம்பர் 31 இரவில் படிக்கொரு திருப்புகழாகப் பாடி மலையேறும் வழக்கத்தைத் தோற்றுவித்தார். படிகள் 365, ஆண்டின் நாள்களுக்கு ஈடு. ஆங்கிலப் புத்தாண்டை மறுக்காமலே அதனை ஆட்கொண்ட உபாயம் அது. சென்னையின் டிசம்பர் இசை விழாவும் 1927-இல் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நடந்த சங்கீத மாநாட்டில் வேர்கொண்டது. அதனைத் தொன்றுதொட்டு வந்த மார்கழி வழக்கம் என்று கருதுவது சரியன்று. தொன்றுதொட்டு வந்தது வீதி பஜனையே.

பஜனைக் கோயில்

தொண்டை நாட்டுக் கிராமங்களில் ஆகமப் பிரதிஷ்டை இல்லாத ஒருவகைக் கோயில் தெருவுக்குத் தெரு உண்டு. ஓட்டுக் கூரை அல்லது சிறு கூடம். உள்ளே ஸ்ரீராம பட்டாபிஷேகப் படம். ஓர் ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா, சிப்ளாக்கட்டை. இவையே பஜனைக் கோயில். தெருவே அதன் பெயரால் வழங்கும். மார்கழி முதல் நாள் நான்கு மணிக்குச் சங்கு ஊதிப் புறப்பட்டால், தை முதல் நாள் வரை தவறாது. திருப்பாவையோடு தமிழ்க் கீர்த்தனைகளும், தெலுங்கு பேசும் வீதிகளில் பத்ராசல ராமதாசரும் ஒலிப்பர். பாடுவோர் பெரும்பாலும் உழவரும் நெசவாளரும். சுரம் பிசகும், பக்தி பிசகாது. வாசலில் சாணமிட்டுக் கோலம் வரைந்து, பூசணிப்பூ சொருகிய சாண உருண்டையை நடுவில் வைத்துவிட்டுப் பெண்டிர் காத்து நிற்பர். முடிவில் சிறுவர்க்குத் தொன்னையில் பொங்கல். பகல்பத்து, இராப்பத்து, பரமபத வாசல் என்று நாதமுனிகள் காலம் முதல் பெருங்கோயில்களில் செழித்த அத்யயன உற்சவத்தின் ஒரு துளி இது. சிறு தலங்களைத் தேடி வருவோர் காண வேண்டுவதும் முதலில் இதனையே, கோபுரத்தை அன்று.

இவ்வழக்கம் இப்போது மெலிந்து வருகிறது. காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்பேட்டைகள் வந்தபின், மிருதங்கம் வாசித்தவரின் மகன் இரவுப் பணிமுறையில் இருக்கிறான். சங்கு ஊதும் வேளையில் அவன் ஆலைக்குள் இருப்பான். ஆலைப் பேருந்து அவனைத் தெருமுனையில் இறக்கும்போது பஜனை முடிந்திருக்கும். சில ஊர்களில் ஒலிநாடாவும் அதன் பின் வந்த கருவிகளும் கோஷ்டியின் இடத்தைப் பிடித்தன. குற்றம் அவனுடையதன்று. சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஏழு மணிக்கு ஒரு சுற்று வைத்துக்கொள்கின்றனர். சாஸ்திர நேரம் தவறியதே என்று இதனை இகழ்வோர், அந்த ஏழு மணிக் கோஷ்டியில் எத்தனை இளைஞர் நிற்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தபின் இகழட்டும்.

அதே தொழிற்பேட்டைகளுக்கு ஒடிசா தேசத்தார் பலர் வேலைக்கு வந்துள்ளனர். அவர்கள் ஊரில் மார்க்கசீர்ஷ மாதத்து வியாழக்கிழமைதோறும் மாணபசா என்று லக்ஷ்மி பூஜை. வீட்டை மெழுகி, அரிசிமாவைக் கரைத்துப் பிராட்டியின் திருவடிகளை வாசலிலிருந்து உள்ளே வரைவர். நெல் அளக்கும் மரக்காலில் புதுநெல்லை நிறைத்துப் பூஜிப்பர். பலராம தாசர் இயற்றிய லக்ஷ்மி புராணத்தை அன்று படிப்பர். அதன்படி, ஸ்ரீயா எனும் சண்டாள குலத்துப் பெண் தூயளாய்க் கோலமிட்டுப் பூஜிக்க, மகாலக்ஷ்மி அவள் வீட்டுக்குள் எழுந்தருளினாள். அதற்காக அவளைக் கோயிலிலிருந்து விலக்கிய ஜகந்நாதரும் பலராமரும் சோறின்றி அலைந்தனர். நம்பாடுவான் சரிதத்தை அறிந்த நமக்கு இக்கதை அந்நியமன்று. திருமழிசையில் எழுந்தருளியுள்ள பெருமாளும் ஜகந்நாதரே. ஆயினும் ஒரே தெருவில் ஒரு வாசலில் நம் கோலமும் அடுத்த வாசலில் அவர்கள் கோலமும் இருக்க, எதற்காக என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை. கீழ்த்திசை நாடுகளிலும் இம்மாதத்தின் தடம் உண்டு. பாங்காக் நகரத்தில் திரியம்பாவை, திரிபாவை என்ற பெயருள்ள சடங்கில் பிராமணர் நெடிய ஊஞ்சலில் ஆடுவர். ஊஞ்சல் 1935-இல் நின்றது. வழிபாடு அங்குள்ள தேவஸ்தானத்தில் தொடர்கிறது. திருவெம்பாவை, திருப்பாவை என்ற நம் பெயர்களே கடல் கடந்து இவ்வாறு மருவின என்பது அறிஞர் துணிபு.

வருவாயற்ற திருக்கோயில்களுக்கு அறநிலையத் துறையின் ஒருகால பூஜைத் திட்டம் உண்டு. அத்தகைய கோயில் அர்ச்சகர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை 2021-இல் அறிவிக்கப்பட்டது. விளக்குக்கு எண்ணெயும் தளிகைக்கு அரிசியும் ஒருவாறு நடந்துவிடும். கிடைக்காதது கோஷ்டி. அர்ச்சகர் ஒருவரே கதவைத் திறந்து, விளக்கேற்றி, வெந்நீர் வைத்து, ஒருவராகவே முப்பது நாளும் திருப்பாவையை அனுசந்திக்கும் சன்னதிகள் இவ்வட்டாரத்தில் உள்ளன. தனியே எழுவது நோன்பாகாது என்றுதானே ஆண்டாள் ஆறாம் பாசுரம் முதல் பத்துப் பாசுரங்களில் வாசல் வாசலாகச் சென்று தோழியரை எழுப்பினாள்.

ஆதலால் புறப்படுவோர் சிலவற்றைக் கைக்கொள்வது நலம். ஐந்து மணிக்கு முன் சன்னதியை அடைக. முதல்நாளே அர்ச்சகரிடம் சொல்லி வைப்பின், தளிகை ஒரு பிடி கூடுதலாக ஏறும். நல்லெண்ணெயும் பச்சரிசியும் பாசிப்பருப்பும் கொணர்க. பிளாஸ்டிக் பைகளைக் கொணரற்க. அன்றைய பாசுரம் எது என்று நாளை எண்ணி அறிந்து, அதனையாவது நெட்டுருவாக்கிக்கொண்டு வருக. கூடாரை எனும் இருபத்தேழாம் நாள், ஜனவரி 11-ஐ ஒட்டி, அக்காரவடிசில் உண்டு. அன்று சற்றுக் கூட்டம் இருக்கும். போகியன்று ஆண்டாள் திருக்கல்யாணம். மார்கழிக்கு நாள் இருபத்தொன்பதாக அமைந்த ஆண்டில், சிறு கோயில்களில் அன்று விடியற்காலையிலேயே இருபத்தொன்பதும் முப்பதும் ஆகிய இரு பாசுரங்களையும் சேர்த்துச் சேவித்துச் சாற்றுமுறை செய்துவிடுவர். ஐந்தரைக்கு வருபவர்க்குத் தீர்த்தமும் சடாரியும் மட்டுமே கிட்டும்.